படச் செயலாக்கமும் திரையும்: ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கு ஒரு விரிவான பதில்

முதுகலை ஆய்வைத் தொடங்கப்போகும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: “எங்கள் பாடத்திட்டத்தில் டிஜிட்டல் படச் செயலாக்கம் ஒரு தாள், டிஸ்ப்ளே தொழில்நுட்பம் இன்னொரு தாள். இரண்டையும் சேர்த்து ஆய்வு செய்ய ஆசை. இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இதில் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? பெரிய லேப் இல்லாத கல்லூரியில் படிக்கிறேன், என்னால் முடியுமா?”

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விதான் முக்கியம். அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

கோப்பில் இருப்பது எண்கள் மட்டும்தான். அந்த எண்களை ஒரு திரை ஒளியாக மாற்றி, அந்த ஒளி கண்ணில் விழுந்தபிறகுதான் அது படம் ஆகிறது. நாம் எழுதும் அல்காரிதம் எண்களை மாற்றுகிறது. பார்ப்பவருக்கு என்ன மாறியது என்பதைத் திரையும், அறையின் வெளிச்சமும், கண்ணும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காத படச் செயலாக்க ஆய்வு பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் துறையின் ஆரம்ப நாட்களில் இருந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரையில் எப்படிக் காட்டுவது என்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து சீயாக் என்ற கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176 பிக்சல். அந்த ஸ்கேனர் ஒரு புள்ளியைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே சொல்லும். ஆகவே எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் வெள்ளை என்று தீர்மானிக்கும் வெட்டுமதிப்பை மாற்றி மாற்றிப் பலமுறை ஸ்கேன் செய்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சாம்பல் நிறங்களைப் பெற்றார்கள்.

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. ஒரு படத்துக்கு 200-க்கு 200 பிக்சல், ஒவ்வொரு பிக்சலுக்கும் 6 பிட், அதாவது 64 நிலைகள். பூமிக்கு அனுப்பும் வேகம் விநாடிக்கு 8.33 பிட். பெருக்கிப் பாருங்கள்: 2,40,000 பிட், 28,800 விநாடி. ஒரே ஒரு படம் வந்துசேர எட்டு மணி நேரம். கலிபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்களால் கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறுத்திருக்க முடியவில்லை. எண்கள் அச்சாகி வந்த காகிதப் பட்டைகளைப் பக்கத்துப் பக்கமாக ஒரு பலகையில் குத்தி, எண் வரம்புக்கு ஒரு நிறம் என்று முடிவுசெய்து, வண்ணக்கட்டிகளால் கையாலேயே தீட்டினார்கள். செவ்வாயின் விளிம்பு அந்தப் பலகையில்தான் முதலில் தெரிந்தது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று அவர்கள் எடுத்த முடிவு இருக்கிறதே, அதைத்தான் இன்று ஒவ்வொரு திரையும் விநாடிக்கு அறுபது முறை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றுக்கு வருவோம். ஒரு பிக்சல் கறுப்பு, அடுத்தது வெள்ளை என்று சதுரங்கப் பலகை மாதிரி ஒரு படத்தை உருவாக்குங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. தள்ளி நின்று பார்த்தால் அது ஒரு சீரான சாம்பலாகத் தெரியும். பாதிப் பிக்சல்கள் முழுவெளிச்சம் தருகின்றன, பாதி எதுவும் தருவதில்லை. ஆகவே கண்ணுக்கு வருவது பாதி வெளிச்சம். இப்போது அதே படத்தை ஒரு மென்பொருளில் பாதி அளவுக்குச் சுருக்குங்கள். சராசரி எடுத்து 128 என்று ஒரு சாம்பல் வரும். அதைச் சதுரங்கத்தின் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று வித்தியாசம் தெரியும்: சுருக்கிய படம் இருட்டாக இருக்கும். ஏனென்றால் 128 என்ற எண்ணுக்குச் சாதாரணத் திரை தருவது முழு வெளிச்சத்தில் சுமார் 21.6 சதவீதம்தான். பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் எண் 188 ஆக இருக்க வேண்டும்.

எண்ணுக்கும் ஒளிக்கும் இடையே உள்ள இந்த வளைவைத்தான் காமா என்கிறோம். பழைய குழாய்த் திரைகளில் மின்னழுத்தத்துக்கும் ஒளிக்கும் இயல்பாகவே இப்படியொரு வளைந்த உறவு இருந்தது. குழாய்த் திரை போய்விட்டது, வளைவு போகவில்லை. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த, திரை நிறங்களுக்கான எஸ்ஆர்ஜிபி தரத்துக்குள் அது அப்படியே தொடர்ந்தது. அதற்கு நல்ல காரணமும் உண்டு. நம் கண் இருட்டில் சிறு வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும். நல்ல வெளிச்சத்தில் அதே அளவு வேறுபாடு அதற்குத் தெரியாது. எட்டு பிட்டில் கிடைக்கும் 256 நிலைகளை இருட்டுப் பக்கம் நெருக்கமாகவும் வெளிச்சப் பக்கம் அகலமாகவும் பரப்பினால்தான் அவை வீணாகாமல் பயன்படும்.

நான் பார்க்கும் மாணவர் ஆய்வறிக்கைகளில் பெரும்பாலானவற்றில் இந்த வளைவு எங்குமே வருவதில்லை. படத்தை மங்கலாக்குவது, சுருக்குவது, இரண்டு படங்களைக் கலப்பது எல்லாம் ஒளியின் மீது நடக்க வேண்டிய கணக்குகள். ஆனால் பரவலாகப் பயன்படும் நிரல் நூலகங்கள் பெரும்பாலும் கோப்பில் உள்ள எண்களின் மீதே அவற்றைச் செய்துவிடுகின்றன. இரவு நேரப் படத்தில் தெருவிளக்கு ஒன்றை மங்கலாக்கிப் பாருங்கள். ஒளியாக மாற்றிவிட்டு மங்கலாக்கினால் விளக்கைச் சுற்றி நிஜமான ஒளிவட்டம் வரும். எண்ணிலேயே மங்கலாக்கினால் சோர்ந்துபோன ஒரு சாம்பல் திட்டுதான் வரும். இரண்டு வரி நிரலில் சரிசெய்யக்கூடிய பிழை, ஆனால் முடிவு முழுவதையும் பாதிக்கும்.

அடுத்தது மருத்துவத் துறை. காட்டும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்த இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான், எக்ஸ்ரேயை எது எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் சிடி எண்களின் அளவுகோல் இன்றும் இருக்கிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தையும் தாண்டும். மொத்தம் சுமார் 4,096 நிலைகள். சாதாரணத் திரையில் 256 சாம்பல்கள்தான். அப்படியே சுருக்கிக் காட்டினால் ஒரு சாம்பல் படிக்கு 16 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு போய்விடும்.

மூளையின் சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 10 அலகுதான். ஆக, முழு வீச்சையும் ஒரே நேரத்தில் காட்டினால் இரண்டும் ஒரே சாம்பலாகவோ அடுத்தடுத்த சாம்பலாகவோ விழுந்து, மூளை முழுவதும் ஒரே மாவாகத் தெரியும். தகவல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, பார்ப்பவருக்குத்தான் தெரிவதில்லை. கதிரியக்க மருத்துவர் என்ன செய்கிறார்? மையம் 40, அகலம் 80 என்று ஒரு சிறிய சாளரத்தைத் திறக்கிறார். 0-க்குக் கீழே எல்லாம் கறுப்பு, 80-க்கு மேலே எல்லாம் வெள்ளை. நடுவில் உள்ள 80 அலகுக்கே 256 சாம்பலும் கிடைக்கிறது. அந்த 10 அலகு வித்தியாசம் இப்போது 32 சாம்பல் படிகளாக விரிந்து, மூளையின் மடிப்புகள் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. நுரையீரலைப் பார்க்க வேண்டுமென்றால் அதே கோப்பில் மையத்தை −600-க்கு நகர்த்தி, அகலத்தை 1,500 ஆக்குவார். இதில் நடப்பது ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும்தான். படச் செயலாக்கம் மனித உயிருக்குச் செய்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

சரி, அந்த 32 படிகளும் எல்லா மருத்துவமனைத் திரையிலும் ஒரே மாதிரி தெரியுமா? தெரியாது. ஒரு திரையில் இருட்டுப் பக்கம் நான்கு படிகள் ஒன்றாகக் கலந்துவிடும், இன்னொன்றில் பிரிந்து நிற்கும். இதற்காகத்தான் மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தின் 14-ஆம் பகுதியில் சாம்பல் அளவுகளுக்கென்று ஒரு வளைவை வரையறுத்தார்கள். மனிதக் கண் ‘இப்போதுதான் மாறியது’ என்று உணரும் மிகச் சிறிய ஒளி வேறுபாட்டை ஒரு படி என்று வைத்துக்கொண்டு, 0.05 நிட்டிலிருந்து சுமார் 4,000 நிட் வரை 1,023 படிகளை அடுக்கினார்கள். நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு. சாதாரண மடிக்கணினித் திரை 250 முதல் 400 நிட் வரை தரும். இந்த வளைவுக்கு அடிப்படை நெதர்லாந்தின் பீட்டர் பார்ட்டன் உருவாக்கிய கண் உணர்திறன் மாதிரி.

அதே பார்ட்டன் மாதிரிதான் இன்று நம் வீட்டு எச்டிஆர் (இருட்டையும் பிரகாசத்தையும் விரிந்த ஒளி வீச்சில் காட்டும்) தொலைக்காட்சிக்குள்ளும் இருக்கிறது. 2014-இல் தரமாக வந்த பிக்யூ வளைவு, 0-விலிருந்து 10,000 நிட் வரையிலான ஒளியைப் பத்து அல்லது பன்னிரண்டு பிட்டுக்குள் அடைக்கிறது. படிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒவ்வொரு வெளிச்ச நிலையிலும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் கண் மாதிரியிலிருந்தே கணக்கிட்டார்கள். எக்ஸ்ரே பார்க்கும் திரைக்கும் கிரிக்கெட் பார்க்கும் திரைக்கும் ஒரே அடித்தளம்! இரண்டு தாள்களையும் தனித்தனியாகப் படித்துத் தேர்வு எழுதும் மாணவருக்கு இது கண்ணில் படாமலேயே போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் முறையின் கதையும் இப்படித்தான். அதன் உள்ளே ஓடும் கொசைன் உருமாற்றத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும். பெங்களூரில் பிறந்த அகமது, இதற்காக 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் செய்து முடித்தார். (வழிகாட்டி உங்கள் தலைப்பை ஒதுக்கிவிட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் உருமாற்றம் மட்டும் கோப்பின் அளவைக் குறைப்பதில்லை. 8-க்கு 8 பிக்சல் கட்டத்தை உருமாற்றினால் வரும் 64 எண்களையும் (கெழுக்கள்) ஓர் அட்டவணையால் வகுத்து முழு எண்ணாக்கும்போதுதான் தகவல் கழிகிறது. ஜேபெக் தரத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்த அட்டவணை 16-இல் தொடங்கி, நுண்ணிய விவரங்கள் இருக்கும் மூலையில் 99-இல் முடியும். அந்த எண்கள் வெறும் கணிதத்திலிருந்து வந்தவை அல்ல. அன்றைய தொலைக்காட்சித் தரப் படங்களையும் திரைகளையும் வைத்து, மனிதக் கண்ணுக்கு எது தெரிகிறது எது தெரியவில்லை என்று சோதித்து எடுத்தவை. இன்று உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் கைபேசிக்கும் சுவர் அகலத் தொலைக்காட்சிக்கும் அதே எண்கள் பொருந்துமா என்று யோசியுங்கள்.

நிலைகள் போதாத திரையில் படத்தை எப்படிக் காட்டுவது என்பதும் பழைய கேள்விதான், அதன் விடை இன்னும் அழகாகவே இருக்கிறது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிலை கொண்ட திரையில் சாம்பல் காட்ட வேண்டும். 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பர்கும் சொன்ன வழி இது: ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ முடிவு செய்யும்போது வரும் பிழையைத் தூக்கிப் போடாதே. அதில் பதினாறில் ஏழு பங்கை வலது பக்கப் பிக்சலுக்கும், மீதியை மூன்று, ஐந்து, ஒன்று என்று கீழ்வரிசையின் மூன்று பிக்சல்களுக்கும் கொடுத்துவிடு. பேருந்தில் சில்லறை இல்லாத கண்டக்டர் இரண்டு பயணிகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ‘பிரிச்சுக்குங்க’ என்பதைப் போல. தனித்தனியாக யாருக்கும் சரியான தொகை கைக்கு வருவதில்லை, சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது. கண்ணும் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துத்தான் பார்க்கிறது, ஆகவே சாம்பல் கிடைத்துவிடுகிறது. மின்தாள் திரை கொண்ட புத்தகக் கருவிகளுக்கு இன்றும் இந்த வகை உத்திகள் தேவைப்படுகின்றன. மாலை வானத்தின் சரிவான நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று நாம் குறைப்படுவோமே, அதற்கும் மருந்து இதே குடும்பத்தில்தான் இருக்கிறது.

திரைக்குள்ளேயே நடக்கும் படச் செயலாக்கத்துக்கு நல்ல சான்று, பகுதி பகுதியாக மங்கும் எல்சிடி பின்விளக்கு. எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது, முன்னால் இருக்கும் திரவப் படிகம் அதை வடிகட்டுகிறது. முழுதாக அடைக்க முடியாததால் கறுப்பு எப்போதும் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். 2004-இல் ஹெல்கே சீட்சனும் அவருடைய குழுவும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: பின்விளக்கையும் ஒரு தாழ்தெளிவுப் படமாக்கிவிடலாம். இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ள எல்இடி மங்கும், வெளிச்சமான இடத்தில் முழுதாக எரியும். ஒவ்வொரு விளக்கின் ஒளியும் பரவி எங்கெங்கே எவ்வளவு விழும் என்று கணக்கிட்டு, மூலப்படத்தை அந்த ஒளிப்படத்தால் வகுத்து, கிடைத்ததை முன்னால் இருக்கும் எல்சிடிக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் பெருகினால் மூலப்படம் திரும்ப வந்துவிடும்.

விளக்குகள் சில நூறு, பிக்சல்கள் பல லட்சம். எப்படிப் போதும்? நட்சத்திரத்தைச் சுற்றிக் கறுப்பு வெளுத்துத் தெரியாதா? இங்கேதான் கண் உதவுகிறது. பிரகாசமான புள்ளி ஒன்றைப் பார்க்கும்போது நம் கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி, விழித்திரையில் அதைச் சுற்றி ஒரு மெல்லிய மூட்டம் படர்கிறது. திரையில் கசியும் ஒளி அந்த மூட்டத்துக்குள் அடங்கிவிட்டால் பார்ப்பவருக்கு அது தெரியாது. அடங்காத அளவுக்குக் கசியும் மலிவான தொலைக்காட்சிகளில்தான் கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. விளக்கு எத்தனை வேண்டும், எவ்வளவு வேகமாக மாற வேண்டும், நகரும் பொருளோடு வெளிச்சம் துடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இதில் ஆய்வுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் இந்தச் சிக்கல் இல்லை. கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. விளம்பரத்தில் ‘எல்லையற்ற மாறுபாடு’ என்பார்கள். மாறுபாடு என்பது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்பது. இருட்டறையில் அது உண்மை. அலுவலக வெளிச்சத்தில் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். அறையில் 500 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு), திரையின் பரப்பு அதில் 4 சதவீதத்தைப் பரவலாகத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 0.04-ஆல் பெருக்கி, பை மதிப்பால் வகுத்தால் சுமார் 6.4 நிட். திரையின் கறுப்பு மேலும் வெள்ளை மேலும் இந்த 6.4 ஏறி உட்கார்ந்துவிடும். வெள்ளை 300 நிட் என்றால் மாறுபாடு 306-க்கு 6.4, அதாவது சுமார் 48 மடங்கு. இருட்டில் 1,000 மடங்கு மாறுபாடு காட்டும் எல்சிடியை அதே அறையில் வைத்தால் சுமார் 46 மடங்கு. எல்லையற்றதும் ஆயிரமும் பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

ஆகவே அறையின் வெளிச்சத்தை அளந்து அதற்கேற்பப் படத்தின் இருட்டுப் பகுதிகளைத் தூக்கிக் காட்டும் அல்காரிதம், விலை கூடிய திரையைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம். வெயிலில் கைபேசித் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மேப் பார்க்கும் எல்லோருக்கும் தேவையான ஆய்வு இது.

பெரிய ஒளி வீச்சைத் திரையின் சிறிய வீச்சுக்குள் அடக்கும் தொனி சுருக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் கிடக்கும் வெள்ளைக் காகிதம் 25,000 நிட்டுக்கு மேல் ஒளிரும். அறையின் மூலை 10 நிட்கூட இருக்காது. ஜன்னலோடு சேர்த்து அறையைப் படம் எடுத்தால் ஒன்று ஜன்னல் வெளுக்கும், அல்லது அறை இருண்டுபோகும். பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களிலிருந்து உண்மையான ஒளி வீச்சை மீட்கும் முறையை 1997-இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் கொடுத்தார்கள். மீட்ட வீச்சை எளிய திரைக்குள் அடைக்க, 2002-இல் டூராண்டும் டோர்சியும் படத்தைப் பெரிய வெளிச்ச மாற்றம் ஒரு அடுக்கு, நுண்விவரம் இன்னொரு அடுக்கு என்று பிரித்து, முதலாவதை மட்டும் அமுக்கினார்கள். கண்ணுக்கு முக்கியமான விவரம் அப்படியே தங்கிவிடும். இன்று நம் கைபேசிக் கேமரா பொத்தானை அழுத்தியதும் செய்வது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. செயற்கை நுண்ணறிவு இரைச்சலை நீக்குகிறது, சிறிய படத்தைப் பெரிதாக்குகிறது, மங்கலைத் தெளிவாக்குகிறது. இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றை எப்படி மதிப்பிடுகிறோம் என்று பாருங்கள். பிஎஸ்என்ஆர் என்ற அளவு இரண்டு கோப்புகளின் எண்களைக் கழித்துப் பார்க்கிறது. திரை, தூரம், கண் எதுவும் அதற்குத் தெரியாது. 2004-இல் வந்த எஸ்எஸ்ஐஎம் என்ற அளவு இரண்டு படங்களின் அமைப்பு ஒற்றுமையைப் பார்ப்பதால் அதைவிட மேல். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஜோ வாங், பார்க்கும் தூரத்தைக் கருதிப் படத்தை முதலில் சுருக்கிவிட்டு அளக்கும்படி பரிந்துரைத்திருக்கிறார். அந்தப் படியைச் செய்யாமல் எண்ணை மட்டும் அட்டவணையில் போடும் கட்டுரைகள் ஏராளம்.

2018-இல் யோகாய் பிளாவும் டோமர் மிகேலியும் கணித முறையில் ஒன்றை நிறுவினார்கள். மூலத்திலிருந்து விலகாமல் இருப்பதும் பார்க்க இயற்கையாக இருப்பதும் ஓர் எல்லைக்குமேல் ஒன்றோடொன்று மோதும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். முகநூலில் போடும் படத்தில் இல்லாத தலைமுடி இழைகளைச் செயற்கை நுண்ணறிவின் நரம்பியல் வலைப்பின்னல் கற்பனை செய்து சேர்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிடி படத்தில் இல்லாத ஒரு கட்டியைச் சேர்த்தாலோ, இருக்கும் கட்டியை அழகாகத் துடைத்துவிட்டாலோ அது ஒருவரின் வாழ்க்கை. எது நிஜமாக அளக்கப்பட்டது, எது இயந்திரத்தின் ஊகம் என்பதை மருத்துவருக்குத் திரையில் எப்படிக் காட்டுவது? நிறமாகவா, பக்கத்தில் இன்னொரு படமாகவா, தொட்டால் மாறுவதாகவா? இது முழுக்க முழுக்கக் காட்சிப்படுத்தலின் கேள்வி. இரண்டு தாளையும் படித்த ஒருவர்தான் இதற்கு நல்ல விடை தர முடியும்.

உங்களுக்கு ஒரு தலைப்பைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் ஓலைச்சுவடியைச் சொல்வேன். நம்மிடம் இருக்கும் பொருள் என்பது ஒரு காரணம். படமெடுப்பதும் செயலாக்குவதும் காட்டுவதும் அதில் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கின்றன என்பது பெரிய காரணம். சுவடியில் எழுத்து மையால் எழுதப்படுவதில்லை, எழுத்தாணியால் கீறப்படுகிறது. பிறகு கரியும் இலைச்சாறும் தடவினால் கீறலில் கறுப்பு தங்கி எழுத்து தெரியும். காலப்போக்கில் கறுப்பு உதிர்ந்துவிட்டாலோ, மையே தடவாமல் விட்டிருந்தாலோ நேர்வெளிச்சத்தில் எடுத்த ஸ்கேனில் பழுப்பு ஓலை மட்டும்தான் இருக்கும். எவ்வளவு பெரிய நரம்பியல் வலைப்பின்னலாலும் படத்தில் பதியாத கீறலை மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கீறலின் ஒரு கரை ஒளிரும், மறுகரை நிழலாகும், எழுத்து எழுந்து வரும்.

இதற்கு ஏற்ற முறை ஏற்கெனவே இருக்கிறது. எச்பி ஆய்வகத்தில் டாம் மல்ஸ்பெண்டர் குழு 2001-இல் வெளியிட்டது. கேமரா அசையாமல் நிற்கும், விளக்கு மட்டும் இடம் மாறும், பல படங்கள் எடுக்கப்படும். ஒவ்வொரு பிக்சலிலும் விளக்கின் திசைக்கு ஏற்ப ஒளிர்வு எப்படி மாறுகிறது என்பதை ஆறு கெழுக்கள் கொண்ட ஓர் இருபடிக் கோவையில் பொருத்துவார்கள். பிறகு திரையில் சுட்டியை நகர்த்தினால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதைப் பார்ப்பவரே மாற்றிக்கொள்ளலாம். 2005-இல் ஏதென்ஸில் இருக்கும் ஆன்டிகிதேரா இயந்திரம் என்ற பழங்காலக் கிரேக்க வானியல் கருவியின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க இதே முறை உதவியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றில் இருக்கும் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். ஓலை வளைந்திருக்கும், நார் வரிகள் எழுத்தைப் போலவே நீளவாட்டில் ஓடும், பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கும். நார் வரியையும் எழுத்தாணிக் கீறலையும் பிரிப்பது எப்படி, சுவடி படிக்கும் தமிழறிஞருக்கு எந்தத் திசை வெளிச்சத்தை முதலில் காட்டுவது என்று ஒரு முனைவர் பட்டத்துக்குத் தேவையான கேள்விகள் அதில் கிடக்கின்றன.

லேப் இல்லை என்றீர்கள். இந்த வேலைக்குத் தேவை மூலக்கோப்பு (கேமரா எதையும் மாற்றாமல் தரும் RAW கோப்பு) எடுக்கக்கூடிய ஒரு கேமரா, ஆடாத ஸ்டாண்டு, ஒரு கைவிளக்கு, விளக்கை ஒரே தூரத்தில் பிடிக்க ஒரு நூல், பளபளப்பான கறுப்புக் கோலி ஒன்று. கோலியில் விழும் ஒளிப்புள்ளியின் இடத்தை வைத்து விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நூலகச் சுவடியில் நேராகக் கைவைக்காதீர்கள். காய்ந்த பனையோலையில் நீங்களே கீறிய எழுத்தில் தொடங்குங்கள். என்ன கீறினீர்கள் என்று தெரியும் என்பதால் முடிவைச் சரிபார்க்கவும் வசதி.

அதற்கும் முன்னால் உங்கள் திரையை அளந்துவிடுங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என்று கிடைக்கோடுகள் போட்ட ஒரு கட்டம், அதன் நடுவில் சீரான சாம்பல் கட்டம் ஒன்று. படத்தைப் பெரிதாக்காமல் சிறிதாக்காமல் அதே அளவில் காட்டி, தள்ளி நின்று, இரண்டும் ஒன்றாகக் கலக்கும்வரை சாம்பலின் எண்ணை மாற்றுங்கள். 188-க்குப் பக்கத்தில் கலந்தால் திரை ஏறக்குறைய தரப்படி இருக்கிறது. வெகுதூரம் தள்ளிப் போனால், அந்தத் திரையைப் பார்த்து நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும் ஆய்வறிக்கையில் எழுதும்முன் சரிசெய்தாக வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எல்லா நிலைகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, கேமராவின் வெளிச்ச அமைப்பை மாற்றாமல் மூலக்கோப்பாகப் படம் எடுத்து, வளைவை வரைந்துகொள்ளுங்கள். ஷட்டரைக் கால் விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். திரையின் துடிப்பு சராசரியாகிவிடும். அறையின் லக்ஸ் அளவைக் கைபேசியின் ஒளி உணரியே ஓரளவுக்குச் சொல்லும். அதையும், திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதையும், திரையின் மாதிரிப் பெயரையும் அறிக்கையின் சோதனை முறைப் பகுதியில் எழுதுங்கள். நீங்கள் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க அந்த மூன்று வரிகளும் வேண்டும்.